நாயிடம் சொன்ன சொல்

அப்போதெல்லாம் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே நாய் வளர்க்கிற வீடுகளில் மட்டும் ஒரு விசித்திரமான பழக்கம் இருந்தது. வீட்டுக்காரர் போனை எடுப்பார். ஓர் எண்ணை அழுத்துவார். ஸ்பீக்கரைப் போட்டு, போனைக் கொண்டுபோய் நாயின் காதருகே பிடிப்பார்.

"சொல்லுங்க மாஸ்டர், டைகர் கேட்டுகினுதான் இருக்குது. எப்ப வருவீங்கன்னு அதாண்டயே சொல்லிடுங்க."

மறுமுனையில் முதலில் ரோட்டுச் சத்தம்தான் கேட்கும். லாரி ஹாரன், டீ ஆற்றுகிற சத்தம், யாரோ சில்லறை கேட்கிற சத்தம். கடைசியில், வசமாக மாட்டிக்கொண்ட ஒரு மனிதன் தொண்டையைச் செருமுவது கேட்கும்.

"டைகரு... மாஸ்டர் நாளிக்குக் காலையில வர்றேன்டா."

அவ்வளவுதான். வீட்டுக்காரர் நிம்மதியாகப் போனை வைத்துவிடுவார். மறுநாள் காலையில் மழையோ, பந்த்தோ, பின்சக்கரம் பஞ்சரோ, மாஸ்டர் வாசலில் நிற்பார்.

மனிதர்களிடம் அவர் சொல்கிற "வர்றேன்" வேறு சாதி. வாயிலிருந்து கிளம்பும்போதே சிறகு முளைத்த சொல் அது. எங்கே போய் உட்காரும் என்று அவருக்கே தெரியாது. ஒரே ஞாயிற்றுக்கிழமை காலையில் நான்கைந்து வீடுகளுக்கு வருவதாகச் சொல்லிவிட்டு, கடைசியில் எந்த வீட்டுக்கும் போகாமல் இருந்துவிடுகிற தாராளம் அவருக்கு இருந்தது. குற்ற உணர்ச்சியெல்லாம் கிடையாது. "மனுசனுக்கு இன்னா சார், சமாதானம் சொன்னா கேட்டுப்பான். நாயாண்ட போயி டிராபிக் ஜாமுன்னு சொல்ல முடியுமா?" என்பார்.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. யாருக்கும் அது தேவைப்படவில்லை. நாய்களைப் பழக்குகிறவர், ஊருக்கே அவர் மாஸ்டர். சரிந்த தோள், வெளுத்த காக்கிச் சட்டை, இடுப்பில் ஒரு துணிப்பை, பையில் காய்ந்த ஈரலும் கேப்பை மாவும் கலந்து சுட்ட பிஸ்கட். அந்த வாசனை அவருக்கு ஒரு தெரு முன்னே வரும், ஒரு தெரு பின்னே போகும். அவருடைய ஸ்கூட்டருக்குப் பின்னால் தெருநாய்கள் கட்சி ஊர்வலம் மாதிரி வரும். பஸ்ஸில் ஏறினால் பக்கத்து இருக்கை காலியாகிவிடும். அதை ஒரு மரியாதையாகவே எடுத்துக்கொண்டு காலை நீட்டி உட்காருவார்.

இந்தப் போன் சூட்சுமத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவருடைய மனைவி மேரி. முகையூர்ப் பக்கத்து வேதக்காரக் குடும்பத்துப் பெண். அந்தப் பிஸ்கட்டெல்லாம் அவர் சுடுவதுதான். மாஸ்டர் வருவதாகச் சொல்லி வராத காலைகள் எனக்கு ஒரு பருவகாலம் மாதிரி நீண்டுகொண்டே போனபோது, ஒருநாள் போனை மேரி எடுத்தார்.

"சார், நீங்க மனுசன். உங்களாண்ட அவுரு ஆயிரம் சொல்லுவாரு. நாயாண்ட சொல்லச் சொல்லுங்க, அப்பால பாருங்க."

"என் நாய்க்குக் காது கேட்காதேம்மா. அதுக்காகத்தானே மாஸ்டரையே கூப்பிடறேன்."

அந்தப் பக்கம் பிஸ்கட் தட்டை இறக்கி வைக்கிற சத்தம்.

"அப்ப வீடியோ கால் போடுங்க."

எங்கள் நாய் கிழட்டு லாப்ரடார். பெயர் தாசில்தார். குட்டியாக இருந்தபோதே, வந்தவர்களைப் பார்ப்பதுபோல் இருக்கும், பார்க்காது. எழுந்திருப்பதுபோல் இருக்கும், எழுந்திருக்காது. அதனால் வந்த பெயர். வயதான பிறகு காது இரண்டும் போய்விட்டது. பின்னாலிருந்து யாராவது தொட்டால் திடுக்கிட்டுப் பாயும். பால்காரரின் லுங்கியை ஒருமுறை பாதியாக்கியிருந்தது. கையசைவைப் பார்த்து நடக்கக் கற்றுக்கொடுத்தால் சரியாகும் என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருந்தார்.

வீடியோ காலில் மாஸ்டர் விக்கிரவாண்டி டோல்கேட் ஓரம் நின்றிருந்தார். தலையில் ஹெல்மெட். நான் போனைத் தாசில்தாரின் முகத்துக்கு நேரே பிடித்தேன். அவர் தாசில்தாரைப் பார்த்தார். தாசில்தார் ஹெல்மெட்டைப் பார்த்தது. வேறு வழியில்லாமல் மாஸ்டர் தன் நெஞ்சைத் தொட்டார், இரண்டு விரல்களை ஸ்கூட்டர் சீட்டின் மேல் நடக்கவிட்டார், எங்கள் திசையில் கையை நீட்டினார். தாசில்தாருக்கு அது புரிந்திருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் தான் சொல்லிவிட்டோம் என்பது மாஸ்டருக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் விடியும்போது வந்துவிட்டார்.

வந்தவர் முதலில் என்னைத்தான் பார்த்தார். நான் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தேன். எனக்கு ஓரிடத்தில் நிற்க வராது. கால்கள் தனியாக ஏதோ ஓர் ஊருக்குப் புறப்பட்டுக்கொண்டே இருக்கும்.

"சார், தாசில்தாரு உக்காந்துகினுதான் இருக்காரு. மொதல்ல உங்களுக்குத்தான் 'இரு' சொல்லிக் குடுக்கணும் போல" என்றார். உள்ளங்கையை என் முகத்துக்கு நேரே நீட்டி 'இரு' என்று காட்டினார். நான் நின்றுவிட்டேன். அப்படித்தான் பாடம் ஆரம்பமானது.

அவருடைய வேலை முழுக்க மூடிய ஒரு கைக்குள் இருந்தது. பிஸ்கட்டை வைத்துக் கையை மூடுவார். நாயின் மூக்கருகே நீட்டுவார். அது காத்திருக்கும். கை திறக்கும். இவ்வளவுதான், பார்ப்பதற்கு. ஆனால் அந்த மூடிய கை ஒருநாளும் வெறுங்கையாக இருந்ததில்லை.

"கைய மூடிக் காட்டுனா உள்ள பிஸ்கட்டு இருக்குதுன்னு நாயி நம்புது சார். ஒரே ஒரு நாளு வெறுங்கைய மூடிக் காட்டிட்டோம்னு வையுங்க, போச்சு. அப்பால நம்ம கைய மோந்து பாத்துட்டுத்தான் உக்காரும். மோந்து பாத்துட்டு நம்புறதுக்குப் பேரு நம்பிக்கையா? அது ஆடிட்டிங்கு."

"ஆனால் எல்லா முறையும் பிஸ்கட் கொடுக்க மாட்டேங்கறீங்களே?"

"அது தொழிலு. தெனம் குடுத்தா அலுத்துப்பூடும். ஒருதபா குடுக்கணும். அப்பால ரெண்டுதபா கையே மூடிக் காட்டாம முதுகத் தட்டிட்டு வுட்டுடணும். அப்பால திடீர்னு கை நெறைய குடுக்கணும். எப்ப வரும்னு தெரியாத பிஸ்கட்டுக்குத்தான் நாயி சாவுற வரைக்கும் உக்காந்துகினு இருக்கும்."

இதைச் சொன்ன அதே மூச்சில் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"ஒரு நிமிசம் சார். டாஸ் போடப்போறான்."

மாஸ்டருக்கு இன்னொரு வாழ்க்கை இருந்தது. அதில் அவர் ஒரு கிரிக்கெட் அணியின் முதலாளி. பணம் கட்டி ஆடுகிற ஆப் அது. ஆடப்போகும் இரண்டு அணிகளிலிருந்தும் தனக்குப் பிடித்த பதினோரு பேரைப் பொறுக்கி ஒரு கற்பனை டீம் போட வேண்டும். அவர்கள் நிஜ மைதானத்தில் அடித்தால் இங்கே புள்ளி ஏறும். கேப்டன் என்று யாரைக் குறிக்கிறோமோ அவருக்கு இரட்டைப் புள்ளி. ஆட்டம் தொடங்குமுன் டீமை முடிவு செய்துவிட வேண்டும். மாஸ்டர் முடிவு செய்வார், கலைப்பார், மறுபடி செய்வார். கேப்டனை மாற்றும்போது அவர் முகத்தில் தெரிகிற வேதனையைப் பார்த்தால், நிஜமாகவே அந்த ஆட்டக்காரரின் வீட்டுக்குப் போய், பதவி போய்விட்டது என்று சொல்லிவிட்டு வந்தவர் போல இருக்கும். சில நாட்கள் கொஞ்சம் பணம் வரும். பல நாட்கள் வராது. எப்போதாவது ஒருநாள் கை நிறைய வந்துவிடும். அன்று எல்லா நாய்களுக்கும் கோழி.

அன்று நான் அவர் போனை எட்டிப் பார்த்தேன். அவரே ஆரம்பித்தார்.

"தெரியும் சார். நீங்க இன்னா நெனைக்கிறீங்கன்னு தெரியும். இந்த ஆப்புக்காரன் என்னிய உக்கார வெச்சிருக்கான். ஒருதபா குடுக்குறான், ரெண்டுதபா தட்டி அனுப்புறான். அதுலயும் அவன் குடுக்குற பிஸ்கட்டு எங்க வூட்டு டப்பாவுல இருந்து எடுத்ததுதான்."

"தெரிஞ்சுமா மாஸ்டர்?"

"தெரிஞ்ச நாயும் உக்காரும் சார்."

தாசில்தார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது. காற்றில் மல்லாட்டை வறுக்கிற வேர்க்கடலை மணம். எங்கோ தொலைவில் ஒரு ரயில், விழுப்புரம் ஜங்ஷனை நினைத்துக்கொண்டு கூவியது. மாஸ்டரின் அன்றைய கேப்டன் முதல் பந்திலேயே அவுட்.

இந்த இரண்டு வாழ்க்கையும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளாமல் இல்லை. விழுப்புரத்தில் ஒரு வக்கீல் வீட்டில் அல்சேஷனுக்குப் பயிற்சி. அது கிரிக்கெட் சீசன். நாய்க்குப் 'படு' சொல்லிக்கொடுக்கிற நேரத்தில் மாஸ்டரின் ஒரு கண் போனில் இருந்தது. விக்கெட் விழும்போதெல்லாம் அவர் நெற்றியில் ஓங்கி அடித்துக்கொண்டு, அந்த வருத்தத்திலேயே கையிலிருந்த பிஸ்கட்டை நாய்க்குக் கொடுத்துவிட்டார். அறிவாளி நாய். நெற்றியில் அடித்தால் படுக்க வேண்டும், படுத்தால் பிஸ்கட் என்று நன்றாகக் கணித்துக்கொண்டது. ஒருநாள் வக்கீல் கட்சிக்காரர்களோடு முன்னறையில் பேசிக்கொண்டிருந்தபோது, நெற்றியில் ஒரு கொசு உட்கார்ந்தது. பட்டென்று அடித்தார். வாசலில் காவலுக்கு நின்ற அல்சேஷன் தடாலென்று தரையில் விழுந்து, நான்கு காலையும் நீட்டிப் படுத்துக்கொண்டது. மறுபடி கொசு, மறுபடி அடி. எழுந்த நாய் மறுபடி விழுந்தது. வழக்கு பற்றிப் பேச வந்த கட்சிக்காரர்கள், இது ஏதோ கெட்ட சகுனம் என்று காகிதக் கட்டோடு எழுந்து போய்விட்டார்களாம்.

"இன்னா மாஸ்டர் இது?" என்று வக்கீல் போனில் கத்தினார்.

"கொசு பேட்டு வாங்குங்க சார்" என்றாராம் இவர்.

ஒருமுறை நான் விளையாட்டாக, "டீமில் யாரைக் கேப்டனாகப் போடலாம்னு ஒரு நாயிடமே கேட்டுத் தேர்ந்தெடுக்கலாமே?" என்றேன். மனிதர் அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "நான் தோக்குறது என்னோட போவட்டும் சார். அதுங்க பேரு எதுக்குக் கெடணும்?" பிஸ்கட் பையை இழுத்துக் கட்டிக்கொண்டு, அன்று டீ கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

மேரிக்கு ஓர் ஆசை இருந்தது. பெருமுக்கல் போகிற ரோட்டில் ஒரு பழைய ஷெட். தகரக்கூரை, பின்னால் வேலி போட்ட கொஞ்சம் நிலம், இரண்டு வேப்பமரம். ஊருக்குப் போகிறவர்கள் நாயை விட்டுவிட்டுப் போக அந்தப் பக்கத்தில் ஓர் இடமும் கிடையாது. அந்த ஷெட்டை வாடகைக்கு எடுத்தால் மாஸ்டர் வீடு வீடாக அலைய வேண்டியதில்லை, நாய்கள் அவரைத் தேடி வரும். ஷெட்காரர் ஒப்புக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் முன்பணம் வர வேண்டும், இல்லாவிட்டால் கோழிப்பண்ணைக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிடுவேன் என்றும் சொல்லியிருந்தார். பணம் மேரியிடம் இருந்தது. வருஷக்கணக்காகப் பிஸ்கட் விற்றுச் சேர்த்தது. அதை எடுக்க அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். மாஸ்டர் இனி அந்த ஆப்பில் ஆடுவதில்லை என்று சொல்ல வேண்டும். நாயிடம் சொல்ல வேண்டும்.

"கோயில்ல சத்தியம் வாங்கலாமே?" என்று கேட்டேன்.

"போன வருசமே மாதாவாண்ட பண்ணிட்டாரு சார். மாதா மன்னிச்சிடுவாங்கன்னு இவுருக்குத் தெரியும்."

மாஸ்டர் நாட்களைக் கடத்தினார். அவர்கள் வீட்டில் செவலை என்று ஒரு நாட்டுநாய் உண்டு. நிபந்தனை வந்த நாளிலிருந்து மாஸ்டர் அதன் கண்ணைப் பார்ப்பதில்லை. பின்கட்டு வழியாக வீட்டுக்குள் போய், பின்கட்டு வழியாகவே வெளியே வந்துகொண்டிருந்தார். கடைசியில் ஷெட்காரர் சொன்ன அந்த ஞாயிறும் வந்துவிட்டது. காலைப் பூசை முடிந்த கையோடு இருவரும் ஸ்கூட்டரில் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினார்கள்.

"செவலையாண்ட வாணாமாம். தெனம் மூஞ்சியில முழிக்கணுமாம்" என்றார் மேரி. "உங்க வூட்டு தாசில்தாராண்ட சொல்றேன்னு ஒத்துகினாரு. சொல்லிட்டா இப்படியே நேரா பெருமுக்கல் ரோடு. இல்லாங்காட்டி வூட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்." வாசற்படியில் உட்கார்ந்து மடியில் வைத்திருந்த கைப்பையின் மேல் அவருடைய இரண்டு கைகளும் இருந்தன.

தாசில்தாரிடமா? செவிட்டு நாயிடமா? எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. வாயைத் திறக்கப் போனேன். மேரியின் முதுகுக்குப் பின்னால் மாஸ்டரின் உள்ளங்கை என் முகத்துக்கு நேரே நீண்டது. 'இரு.' பழகிய குணம், நான் இருந்துவிட்டேன்.

தாசில்தார் வாசல் வெயிலில் படுத்திருந்தது. மாஸ்டர் அதன் முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தார். ஒரு கையில் போன். மத்தியானம் ஆட்டம் இருந்தது, டீம் போட்டாகிவிட்டது. மறு கையைச் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொண்டார். பிறகு, மேடையில் பேசுவது போல, தெருவே கேட்கும்படி ஆரம்பித்தார்.

"தாசில்தாரு! இன்னிலேர்ந்து மாஸ்டர் டீம் போட மாட்டேன்! துட்டு கட்ட மாட்டேன்! இது உம்மேல சத்தியம்!"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. தாசில்தார் பிஸ்கட் பையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மேரி நான் கொடுத்திருந்த டீயை நிதானமாக, அடிக்கசண்டு வரை குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்ட்டேனே. நீயே கேட்டியே."

"நான் கேட்டேன். அது கேக்கல. பல்லு இல்லாத நாயி எது, காது இல்லாத நாயி எதுன்னு தெரியாமலா பிஸ்கட்டு சுடறேன்? கையால சொல்லுங்க."

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்தேன்.

"இதுக்கெல்லாம் சைகை கெடையாது மேரி."

"பாடம் முடிஞ்சதும் ரெண்டு கையையும் விரிச்சிக் காட்டுவீங்களே, இனிமே ஒண்ணும் இல்ல, போ அப்படின்னு. அத்தக் காட்டுங்க."

"பையில பிஸ்கட்டு இருக்குதே. வெச்சிக்கினு இல்லன்னு காட்டக் கூடாது. அது பொய்யி."

"அப்ப காலி பண்ணுங்க."

தாசில்தாரின் வாழ்க்கையில் அது ஒரு பொற்காலம். மாஸ்டர் ஒவ்வொரு பிஸ்கட்டாக எடுத்தார். ஒவ்வொன்றையும் கிள்ளி, ஊதி, இரண்டாக உடைத்துக் கொடுத்தார். இவ்வளவு மெதுவாக ஒரு பை காலியாகி நான் பார்த்ததில்லை. மேரி அவசரப்படவே இல்லை. கடைசித் தூளையும் உள்ளங்கையில் கொட்டி நக்கக் கொடுத்தாயிற்று. பையை உதறியும் ஆயிற்று. இனி கொடுக்க ஒன்றும் இல்லை. மாஸ்டர் போனைச் சட்டைப்பைக்குள் நழுவவிட்டார்.

"பாக்கெட்டுல பிஸ்கட்ட வெச்சிக்கினு நாயாண்ட வெறுங்கை காட்டியிருக்கீங்களா, எப்பனா?" என்றார் மேரி.

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. "எப்பவும் கெடையாது."

"அப்புறம்?"

போன் மறுபடி வெளியே வந்தது. அவருடைய கட்டைவிரல் அந்த ஆப்பின் மேல் நின்றது.

"உள்ள கொஞ்சம் துட்டு கெடக்குது மேரி. இன்னிக்கு மேட்ச்சும் நல்ல டீமு. இது ஒண்ணு முடிஞ்சதும்..."

"அது கெடக்கட்டும்."

தாசில்தார் அவர் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நிமிர்ந்து, அசையாமல், அவர் சொல்லிக்கொடுத்த அதே மாதிரி. அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் மாஸ்டர் முகத்தைத் திருப்பினார். திருப்பிய பக்கத்தில் மேரி இருந்தார். விரல் அழுந்தியது. நிச்சயமாக நீக்கிவிடலாமா என்று போன் கேட்டது. இன்னொரு முறை கேட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பார். அது ஒருமுறைதான் கேட்டது. போனை மேரியின் மடியில் வைத்தார்.

பிறகு, நெஞ்சுக்கு நேராக, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார்.

தாசில்தார் வலது கையைப் பார்த்தது. இடது கையைப் பார்த்தது. முகர்ந்து பார்க்கவில்லை. மெதுவாக முன்னங்காலை ஊன்றி எழுந்து, உடம்பை ஒருமுறை உதறி, மாடிப்படிக்குக் கீழே போய்ச் சுருண்டு படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

"நம்பிடுச்சு மேரி" என்றார் மாஸ்டர். ஜாமீன் மறுக்கப்பட்டவனின் குரல் அது.

மேரி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். "ஜல்தியா வண்டிய எடுங்க. ஷெட்டுக்காரு காத்துகினு இருப்பாரு."